காந்துது டாக்டர்!

மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழி பக்கத்து ஆட்களிடம் போய் 'வலிக்குதா?' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்கக் கூடாது. அவர்கள் வலியை அப்படி மொத்த வியாபாரத்தில் விற்பதில்லை. மூட்டு என்றால் கடுக்கும். பல் என்றால் தெறிக்கும். காது குடையும், கெண்டைக்கால் இழுக்கும், இடுப்பு பிடிக்கும், மிளகாய் பட்ட கை காந்தும். உறுப்புக்கு ஒரு வினைச்சொல். தமிழ் எம்.ஏ. யாராவது உட்கார்ந்து எழுதினால் ஒரு டாக்டர் பட்டம் நிச்சயம்.

இப்பேர்ப்பட்ட ஊர்க்காரர் உடம்பு முடியாமல் நிஜ டாக்டரிடம் போகிறார். கூடப் போன பிள்ளை (நீங்கள்தான் ஸார், லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள்) முந்திக்கொண்டு, "அப்பாவுக்குக் கால் வலி டாக்டர்" என்று மொழிபெயர்த்து விடுகிறான். வெளியே பெஞ்சில் இன்னும் நாற்பது பேர். டாக்டர் அஞ்சு நாளைக்கு வலி மாத்திரை எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறார். "பாதம் காந்துது, ராத்திரியானா எறும்பு ஊருது, மதமதன்னு இருக்கு" என்று அப்பா சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்று போயிற்று.

நோயின் பெயரே அதில்தான் இருந்தது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 2005-ல் பிரெஞ்சு டாக்டர்கள் சிலர் சேர்ந்து பத்துக் கேள்விகள் கொண்ட ஒரு பரீட்சைத்தாள் தயாரித்தார்கள். அதில் ஏழு கேள்விகள் வெறும் வாய்ப்பேச்சு. எரியுதா, சில்லிட்டு வலிக்குதா, கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கா, ஊருதா, ஊசி குத்துதா, மரத்துப் போகுதா, அரிக்குதா? மீதி மூன்றும் டாக்டர் தொட்டுப் பார்க்கிற சமாச்சாரம். பத்துக்கு நாலு வாங்கினால் பாஸ்; அதாவது, பெரும்பாலும் நரம்பு வலி. ஸ்கேன் கிடையாது, செலவு கிடையாது. நம் ஊர்க் கிழவர்கள் கேள்வித்தாள் வருவதற்கு முன்பே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள். நாம்தான் அதைக் 'கால் வலி' என்று திருத்திவிடுகிறோம்.

* * *

சாதா வலிக்கும் நரம்பு வலிக்கும் என்ன வித்தியாசம்? பழைய லேண்ட்லைன் டெலிபோனை நினைத்துக்கொள்ளுங்கள். (பார்த்திராதவர்கள் வீட்டில் பெரியவர்களைக் கேட்கவும்.) காலில் கல் இடித்தால் பெருவிரல் போன் போடுகிறது, மூளை எடுக்கிறது, 'ஐயோ' என்கிறது. நியாயமான கால். டைக்ளோபினாக், ஐபுபுரூபன் வகையறா மாத்திரைகள் அடிபட்ட இடத்தில் ஊறும் ரசாயனத்தைக் குறைத்து, போன் போடுகிறவரின் வாயைப் பொத்துகின்றன.

நரம்பு வலியில் போன் போடுகிறவரே கிடையாது. மழையில் நனைந்த கேபிள் மாதிரி ஒயர் கெட்டுப்போய், யாரும் கூப்பிடாமல் ராத்திரி ரெண்டு மணிக்கு மணி அடிக்கிறது. எடுத்தால் கரகர. அங்கே போய் யார் வாயைப் பொத்துவீர்கள்? அதனால்தான் வலி மாத்திரை அதில் அநேகமாக வேலை செய்வதில்லை. வேலை செய்யாவிட்டால் போகட்டும், சும்மாவும் இருக்காது. ஏற்கெனவே சர்க்கரையில் களைத்துப்போன கிட்னியைப் போய் இடிக்கும். கடையில் பொட்டலம் கட்டித் தருகிற 'ரெண்டு வெள்ளை, ஒரு மஞ்சள்' மாத்திரைகளை வருஷக்கணக்கில் முழுங்குகிற பெரியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

ஏன் பாதத்தில் ஆரம்பிக்கிறது? உடம்பிலேயே நீளமான நரம்பு அதுதான். இடுப்புப் பக்கம் முதுகுத்தண்டிலிருந்து கால் விரல் வரை ஒரே செல்லின் வால் சுமார் ஒரு மீட்டர் ஓடுகிறது. கால்வாயின் கடைசி வயலுக்குத்தான் முதலில் தண்ணீர் நிற்கும் என்பது மானாவாரிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சர்க்கரை ரத்தத்தில் வருஷக்கணக்கில் ஏறி நின்றால் முதலில் கடைமடை காய்கிறது. சாக்ஸ் போட்ட மாதிரி விரல், பாதம், கணுக்கால் என்று மேலே ஏறும். (உயரமான ஆசாமிகளுக்கு வாய்ப்பு கொஞ்சம் கூட. குள்ளமாகப் பிறந்ததில் ஒரு லாபம்.)

சர்க்கரை மட்டும்தான் காரணம் என்றில்லை. குடியும் நரம்பைத் தின்னும். அக்கி வந்தால் சில ஊர்களில் காவியைக் குழைத்துச் சிங்கம் வரைவார்களே, அந்த அக்கி ஆறிய பிறகும் சிலருக்கு மாசக்கணக்கில் அதே இடத்தில் தீ எரியும். அதுவும் நரம்பு வலிதான். ஆனால் எண்ணிக்கையில் சர்க்கரையை அடித்துக்கொள்ள ஆளில்லை. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்று 2023-ல் ஐ.சி.எம்.ஆரும் சென்னை டாக்டர்களும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வு சொல்லிற்று. தமிழ்நாட்டு ஜனத்தொகையை விட அதிகம்.

* * *

என் பெரியப்பா ஒருத்தர் மல்லாங்கிணறில் இருக்கிறார். பன்னிரண்டு வருஷ சர்க்கரை. ராத்திரி படுக்கும்போது ஈரச் சாக்கை மடித்துக் காலுக்கடியில் போட்டுக்கொள்வார். போர்வை நுனி பட்டால்கூடத் துள்ளுவார். ஒரு வழியாக மதுரைக்குக் கூட்டிப்போய் நரம்பு டாக்டரிடம் காட்டினோம். இந்தத் தடவை யாரும் மொழிபெயர்க்கவில்லை. பெரியப்பா தன் பாஷையில் சொன்னார், டாக்டர் பொறுமையாகக் கேட்டார். ராத்திரிக்கு ஒன்று என்று அமிட்ரிப்டிலின் 10 மி.கி. எழுதினார்.

மூணாம் நாள் போன்.

"ஏப்பா, அந்த டாக்டரு என்னையப் பைத்தியம்னு முடிவு பண்ணிட்டாரு."

"யார் சொன்னா பெரியப்பா?"

"மருந்துக் கடைப் பையன்தான். 'இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கிறதுல்ல தாத்தா'ங்கிறான். உங்க பெரியம்மா அன்னையிலருந்து அருவாமனைய ஒளிச்சு ஒளிச்சு வைக்கிறா."

மாத்திரை குப்பைக்குப் போயிற்று. ஈரச் சாக்கு திரும்ப வந்தது.

கடைப் பையன் பொய் சொல்லவில்லை. அமிட்ரிப்டிலின் 1961-ல் அமெரிக்காவில் மனச்சோர்வு மருந்தாகத்தான் விற்பனைக்கு வந்தது. ஆனால் அதற்குக் கொடுக்கிற அளவு வேறு. காலுக்குக் கொடுப்பது அதில் ஒரு சிட்டிகை. மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியாகக் கீழே ஒரு பிரேக் லைன் போகிறது. வருகிற வலிச் செய்தியை வழியிலேயே அமுக்குவது அதன் வேலை. பிரேக் ஆயில் மாதிரி இரண்டு ரசாயனங்கள் அதில் ஓடுகின்றன. மனச்சோர்வு மாத்திரை அவற்றைக் கூட்டுகிறது. பிரேக் பிடிக்கிறது. மனசுக்கும் காலுக்கும் அங்கேதான் சம்பந்தம்.

நரம்பு வலி வைத்தியத்தில் இதுதான் வேடிக்கை. அதற்கென்றே செய்த மாத்திரை ஏறக்குறைய கிடையாது. எல்லாம் இரவல். முகத்தில் மின்னல் வெட்டுகிற வலிக்கு 1962 முதல் கைகொடுக்கிற கார்பமாசெபின் அடிப்படையில் வலிப்பு மருந்து. 1993-ல் அமெரிக்காவில் அனுமதி வாங்கிய கபாபென்டினும் வலிப்புக்கு வந்ததுதான். மூளையில் இருக்கிற 'காபா' என்ற ரசாயனத்தைப் போல நடிக்கட்டும் என்று திட்டம் போட்டுச் செய்தார்கள். அது நடிக்கவே இல்லை. வேறெங்கோ நரம்பு முனையில் கால்சியம் போகிற கதவில் போய் உட்கார்ந்துகொண்டு, வலியைக் குறைத்தது. பெண் பார்க்கப் போன வீட்டில் வேலை கிடைத்த கதை. அதன் தம்பி பிரிகாபாலின், மனச்சோர்வுக் குடும்பத்திலிருந்து டுலாக்ஸெடின், இரண்டும் 2004-ல் சர்க்கரைக் காலுக்கென்று அமெரிக்க அனுமதி வாங்கின.

இந்த மூன்றில் எது உசத்தி? 2022-ல் இங்கிலாந்தில் 130 சர்க்கரைக்காரர்களுக்கு அமிட்ரிப்டிலின், டுலாக்ஸெடின், பிரிகாபாலின் மூன்றையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சியின் முடிவு வந்தது. மூன்றும் சமம். பத்துக்கு ஆறரை இருந்த வலி எல்லாவற்றிலும் மூன்று சொச்சத்துக்கு இறங்கிற்று. ஒன்று போதாதவர்களுக்கு இன்னொன்றைச் சேர்த்தபோது மேலும் கொஞ்சம் குறைந்தது. பெரியம்மா குப்பையில் போட்ட மாத்திரை ஒன்றின் விலை, மல்லாங்கிணறு பஸ் ஸ்டாண்டில் ஒரு டீயை விடக் குறைவு.

அதற்காக, 'சாப்பிட்டேன், சரியாப் போச்சு' என்று எதிர்பார்க்கக் கூடாது. 2015-ல் உலக ஆராய்ச்சிகளையெல்லாம் கூட்டிக் கழித்த ஒரு கணக்குப்படி, பிரிகாபாலினை ஏழெட்டுப் பேருக்குக் கொடுத்தால், வெறும் மாவு மாத்திரையில் தேறுகிறவர்களைவிடக் கூடுதலாக ஒருவருக்குத்தான் வலி பாதியாகும். அமிட்ரிப்டிலின் குடும்பத்தில் நாலு பேருக்கு ஒருவர். அதுவும் சின்ன அளவில் ஆரம்பித்து, மெள்ள ஏற்றி, இரண்டு மூன்று வாரம் காத்திருந்த பிறகு. மூணாம் நாள் குப்பைக்குப் போனால் எந்தக் கணக்கிலும் வராது.

தொல்லைகளும் உண்டு. அமிட்ரிப்டிலின் வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், காலையில் மந்தமாக்கும். சிறுநீர் சரியாகப் பிரியாதவர்களும் இதய நோய்க்காரர்களும் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரிகாபாலின் தலையைச் சுற்ற வைக்கும், காலை வீங்க வைக்கும், எடையை ஏற்றும். கிட்னி பழுதானவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தக் கூடாது. குடித்துவிட்டு அதைப் போட்டால் மூச்சே மந்தமாகிவிடும். போதைக்காக அதைத் தேடுகிற இளவட்டங்களும் உண்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் கேட்டால் கடைக்காரர் முறைக்கிறாரா? முறைக்கட்டும், நல்ல மனுஷர்.

'நரம்புக்குச் சத்து' என்று தருகிற பி-12 மாத்திரை? ரத்தத்தில் பி-12 குறைந்திருந்தால் அமிர்தம். சர்க்கரைக்காக மெட்பார்மின் ரொம்ப வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு அது குறைவதுண்டு. ஒரு தரம் டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிடலாம். குறையாதவர்களுக்கு அது பெரும்பாலும் மனத்திருப்தி.

* * *

இப்போது நம்ம ஊர் சரக்குக்கு வருவோம். விருதுநகர் கிட்டங்கிகளில் மிளகாய் வத்தலுக்குக் காம்பு கிள்ளுகிற பெண்களைக் கேட்டால் தெரியும், ராத்திரி கை எப்படிக் காந்தும் என்று. தண்ணீரில் கழுவினால் போகாது. மிளகாயின் காரமான கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். இதே அவஸ்தையை 1981-ல் ஓர் அமெரிக்க மருத்துவப் பத்திரிகையில் ஒரு டாக்டர் எழுதி, சீனாவின் ஹூனான் சமையலை முன்னிட்டு 'ஹூனான் கை' என்று பெயர் வைத்துவிட்டார். 'விருதுநகர்க் கை' என்று வந்திருக்க வேண்டியது. நம்மிடம் வத்தல் இருந்தது, பத்திரிகை இல்லை.

1997-ல் டேவிட் ஜூலியஸ் என்ற அமெரிக்கர் அந்தக் காந்தலின் கதவைக் கண்டுபிடித்தார். வலி நரம்பின் நுனியில் ஒரு குட்டிக் கதவு. சுமார் 43 டிகிரி சூட்டில் திறந்துகொள்ளும். திறந்தால் மூளைக்கு 'தீ! தீ!' என்று தந்தி போகும். மிளகாயும் அதே கதவைத் திறக்கிறது. தீயில்லாமலே தந்தி. இந்தக் கண்டுபிடிப்புக்கு 2021-ல் நோபல் பரிசில் பாதி.

அந்த மிளகாயே மருந்துமாயிற்று. 8 சதவீத கேப்சைசின் தடவிய பட்டையை 2009-ல் அக்கிக்குப் பின் வருகிற வலிக்கும், 2020-ல் சர்க்கரைக் காலுக்கும் அமெரிக்காவில் அனுமதித்தார்கள். கையுறை போட்டுக்கொண்டு பாதத்தில் அரை மணி நேரம் ஒட்டி வைப்பார்கள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிய மாதிரி நரம்பு நுனிகள் களைத்துப்போய் உள்ளே சுருங்கிக்கொள்ளும். கேட்கிறவர்களுக்கு மூன்று மாதம் வரை நிம்மதி.

இதைப் படித்துவிட்டு வீட்டு அம்மியில் வத்தலை அரைத்து அப்பா காலில் பூசிவிடாதீர்கள்! அவர் பாதம் ஏற்கெனவே பாதி மரத்தது. வெந்தால்கூடத் தெரியாது. புண்ணாகும். நான் சொன்னேன் என்று வேறு சொல்வீர்கள்.

* * *

லாகூரில் ஒரு பையன் தெருவில் வித்தை காட்டினான். கையில் கத்தியைச் செருகிக்கொள்வான், தணலில் நடப்பான். ஒரு துளி வலி இல்லை. அவனைச் சோதித்துப் பார்க்க டாக்டர்கள் ஏற்பாடு செய்வதற்குள், 14 வயது நிறைவதற்கு முன்னாலேயே, கூரை மேலிருந்து குதித்துச் செத்துப்போனான். அவனைப் போலவே வலி தெரியாத ஆறு பேரைப் பாகிஸ்தானில் உறவுக் குடும்பங்களில் கண்டுபிடித்து, 2006-ல் காரணத்தை வெளியிட்டார்கள். வலி நரம்பில் சோடியம் நுழைகிற ஒரு கதவு, நம்பர் 1.7, அவர்களுக்கு வேலை செய்யவில்லை.

மருந்துக் கம்பெனிகள் கேட்க வேண்டுமா? அந்தக் கதவைப் பூட்டுகிற மாத்திரைக்காகக் கோடிகோடியாகக் கொட்டினார்கள். ஒன்றும் தேறவில்லை. பக்கத்துக் கதவு 1.8-ஐத் தட்டியவர்களுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. சூஸெட்ரிஜின் என்ற மாத்திரையை 2025 ஜனவரி 30 அன்று அமெரிக்கா அனுமதித்தது. அபினி வகை இல்லை, ஆகவே அந்த அடிமைத்தனம் வராது என்கிறார்கள். விலை அறிவித்தபோது ஒரு மாத்திரை பதினைந்தரை டாலர். அனுமதி ஆபரேஷன் மாதிரியான திடீர் வலிக்குத்தான். சர்க்கரைக் காலுக்கு முதல் கட்ட முடிவுகள் நம்பிக்கையாக இருந்ததால் பெரிய பரிசோதனையை 2024-ல் தொடங்கினார்கள்.

அதே மருந்தை இடுப்பு நரம்பு அழுந்திக் காலுக்கு இறங்குகிற வலிக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். 2024 டிசம்பரில் முடிவு வந்தது. மருந்து சாப்பிட்டவர்களுக்கு வலி பத்துக்கு இரண்டு பாயிண்ட் குறைந்தது. மாவு மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இரண்டு பாயிண்ட்! கம்பெனியின் ஷேர் அதைவிட வேகமாகக் குறைந்தது. 'அமெரிக்காவுல புது மருந்து வந்திருச்சாம்' என்று வாட்ஸப்பில் வருவதைப் பார்த்துவிட்டு, கையில் இருப்பதைக் குப்பையில் போட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

லாகூர் பையனை இன்னொன்றுக்காகவும் இழுத்தேன். அவனைக் கொன்றது வலி இல்லாமை.

பெரியப்பா விஷயத்தில் அதுதான் பயம். மாத்திரையை மறுபடி ஆரம்பித்து (பெரியம்மாவுக்குப் பிரேக் ஆயில் கதையைச் சொன்னேன்) ஐந்தாறு மாதத்தில் காந்தல் அடங்கிற்று. அடங்கினதில் மருந்து எவ்வளவு, நரம்பு செத்தது எவ்வளவு? ஒருநாள் காட்டுக்குப் போய் வந்து திண்ணையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். கழலவில்லை. சீமைக் கருவேல முள் ரப்பரைத் துளைத்துப் பாதத்துக்குள் போய், செருப்பைக் காலோடு ஆணி அடித்திருந்தது. எத்தனை மைல் நடந்தாரோ. "ஒண்ணும் தெரியலப்பா" என்று ஆச்சரியப்பட்டார். புண் ஆற ரெண்டு மாசம் ஆயிற்று. விரல் தப்பியது, டாக்டர் சொன்னபடி பெரியம்மா தினமும் பாதத்தைத் திருப்பிப் பார்த்ததால். இந்த மாத்திரைகள் எதுவும் கெட்ட ஒயரைத் திரும்பப் புதுசாக்குவதில்லை. மணிச் சத்தத்தைத்தான் குறைக்கின்றன. ஒயரைக் காப்பாற்றுவது சர்க்கரைக் கட்டுப்பாடு ஒன்றுதான். அதற்கான மாத்திரையை வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்க 'மக்களைத் தேடி மருத்துவம்' என்று தமிழக அரசு 2021 ஆகஸ்டில் ஒரு திட்டமே தொடங்கிற்று.

டாக்டர்கள் ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுச் சோதிப்பார்கள். இழை இல்லாமல் வீட்டிலேயே செய்ய ஒரு வழி இருக்கிறது, இங்கிலாந்தில் இப்ஸ்விச் ஊர்க்காரர்கள் கொண்டுவந்தது. அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது அப்பாவைக் கண்ணை மூடிப் படுக்கச் சொல்லுங்கள். உங்கள் ஆள்காட்டி விரல் நுனியால், இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளைத் தொட வேண்டும். ஒவ்வொன்றையும் ஓரிரு விநாடி, பூ வைக்கிற மாதிரி. அமுக்கக் கூடாது, தட்டக் கூடாது, கிச்சுகிச்சு மூட்டக் கூடாது. தொட்டது தெரிந்ததும் 'வலது', 'இடது' என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால், மறுநாளே பாதத்தை டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். இந்தத் தடவை அவரையே பேச விடுங்கள்.

இத்தனை வயசுக்கு மேல் அப்பா காலைத் தொடக் கூச்சமாக இருக்கிறதா? விழுந்து கும்பிடுகிற சாக்கில் ஆரம்பிக்கலாம். "எவ்வளவுடா வேணும்?" என்பார். பொருட்படுத்தாமல் அடுத்த விரலுக்குப் போகவும்.